மலை ஆர்க்கிட்டும் சென்னை இரவும்

மே மாத மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு ஊட்டியிலிருந்து இறங்கும் கார்களின் பின் சீட்டில் ஒரு சிம்பிடியம் தொட்டியைப் பார்க்கலாம். வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. வாரக்கணக்கில் வாடாத பூ அது. சென்னைக்கு வந்த பிறகும் செடி உடனே சாகாது. புல்லைப் போல இலை விடும், பக்கத்தில் புதுக் குமிழ் வைக்கும், தொட்டியே நிறைந்துவிடும். பூ மட்டும் வராது. சத்து போதவில்லையோ என்று உரம் வைப்பார்கள். வெயில் போதவில்லையோ என்று மொட்டை மாடிக்கு ஏற்றுவார்கள். கடைசியில், "எனக்குக் கைராசி இல்லை" என்பார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பகல் வெயிலைக்கூட நிழல் வலை கட்டிச் சமாளித்துவிடலாம். மலை ஆர்க்கிட்டை நம் ஊரில் தோற்கடிப்பது இரவு.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி இறங்கும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மே மாதத்திலும் இரவில் கம்பளி வேண்டும். சென்னையில் அதே இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பெரிய விஷயம். செடி பகல் வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் சுவாசித்து அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் சுவாசச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சம்பளம் உயராமல் வாடகை மட்டும் இரண்டு மடங்கான குடும்பத்தின் நிலைதான். குமிழில் சேமிப்பு வைத்திருக்கும் சிம்பிடியம் சில வருடம் தள்ளும். ஆண்டிஸ் மலையின் மேகக் காடுகளிலிருந்து வரும் மஸ்டெவாலியாவுக்குக் குமிழே கிடையாது. ஒரு கோடையைத் தாண்டுவதே அதற்குக் கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. பல இனங்களுக்குக் குளிர்தான் பூக்கச் சொல்லும் சைகை. சிக்கிமின் மாநில மலரான டென்ட்ரோபியம் நோபிலுக்குக் குளிர்காலக் குளிரும் கொஞ்சம் பட்டினியும் வேண்டும். கடற்கரை ஊரில் வெப்பத்தையும் தழைச்சத்து உரத்தையும் தாராளமாகக் கொடுத்தால், பூ வர வேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், எதிர்பார்த்தது அதுவல்ல.

'ஈரத் தட்டி கட்டி விசிறி ஓட்டினால் குளிராதா?' என்று கேட்பார்கள். டெல்லியில் குளிரும். ஏர் கூலர் வாங்கி ஏமாந்த சென்னைவாசிக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் அதிகம் ஆவியாகாது. 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் ஈரத் தட்டி காற்றை ஏறக்குறைய 22 டிகிரி வரை இறக்க முடியும். 34 டிகிரியும் 60 சதவீதமும் உள்ள நம் கடற்கரையில், எத்தனை தட்டி கட்டினாலும் சுமார் 27 டிகிரிக்குக் கீழே போகாது. வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. வெக்கையையும் புழுக்கத்தையும் காசு கொடுத்து உண்டாக்கி மலை ஆர்க்கிட்டைக் கொன்றவர்களும் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வெப்ப நாட்டுச் செடி என்றாலே கொதிக்கும் காடு என்று நினைத்துக் கண்ணாடி வீடுகளை மூடி, நிலக்கரி எரித்து, நீராவி நிரப்பினார்கள். கடல் தாண்டி வந்த செடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பின்னாளில் லண்டன் கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் காற்றோட்டம் கொடுத்து, இனத்துக்கேற்ப வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. 'எந்த நாட்டுச் செடி?' என்று கேட்டவர்கள், 'எந்த உயரத்துச் செடி?' என்று கேட்கத் தொடங்கினார்கள். நர்சரியில் நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

பணம் இருந்தால் மலையையே கட்டலாம். சிங்கப்பூர் அதைச் செய்தது. 'கார்டன்ஸ் பை த பே'யில் 2012-இல் திறந்த மேகக் காட்டுக் கூடத்தில் 35 மீட்டர் உயரச் செயற்கை மலை நிற்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே 23 முதல் 25 டிகிரி. காற்றின் ஈரத்தை முதலில் உறிஞ்சிவிட்டுப் பிறகு குளிர வைக்கிறார்கள். மின்சாரத்தின் ஒரு பகுதி நகரத்து மரங்களை வெட்டிய கழிவை எரித்துக் கிடைக்கிறது.

வீட்டில் நம்மிடம் இருப்பது படுக்கையறை ஏசி. இரவில் தொட்டியை உள்ளே கொண்டுபோய்க் காலையில் வெளியே எடுத்து வைத்தால், நடு உயரத்து இனங்கள் சில பிழைத்துக்கொள்ளும். ஏசி காற்று வறட்சியானது; தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து அதன் மேல் தொட்டியை வைக்க வேண்டும். ஃபெலனாப்சிஸ் மட்டும் விதிவிலக்கு. வெக்கையான தாழ்நிலத்துச் செடிதான் அது. ஆனால் பூந்தண்டு விட, பகலிலும் சில வாரம் 25, 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நாள் முழுதும் ஏசி ஓடும் அலுவலகத்தின் ஜன்னலோரம் அதற்குப் படுக்கையறையைவிட நல்ல இடம். மஸ்டெவாலியாவே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், கடைகளில் கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜுக்குள் எல்இடி விளக்கும் சின்ன விசிறியும் பொருத்தி வளர்க்கலாம். முடியாத காரியமல்ல. ஆனால் ஒரு நீண்ட மின்வெட்டு போதும். என்னைக் கேட்டால், அந்தச் செலவில் கொடைக்கானலுக்குப் போய் வரலாம்.

இதைவிடப் புத்திசாலித்தனமான வழி, வம்சம் பார்த்து வாங்குவது. மேகாலயாவின் காசி மலையில் வளரும் நீல வாண்டா குளிருக்குப் பழகியது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தாழ்நிலத்து வாண்டா சாண்டெரியானா வெக்கைக்குப் பழகியது. இரண்டையும் கலந்த வாண்டா ராத்ஸ்சைல்டியானா 1931-இல் பதிவானது. பாங்காக்கிலும் சென்னையிலும் மாடித் தோட்டங்களில் தொங்கும் நீல வாண்டாக்கள் பலவற்றில் இருப்பது அந்த மலைச் செடியின் நிறமும் தாழ்நிலச் செடியின் உடம்பும்தான். சிம்பிடியத்திலும் இப்படி ஒன்று உண்டு: 'கோல்டன் எல்ஃப்'. வெப்பம் தாங்கும் சிம்பிடியம் என்சிஃபோலியத்தின் பிள்ளை. மஞ்சள் பூ, நல்ல வாசனை, கடுங்குளிருக்காகக் காத்திருக்காது. ஊட்டி சிம்பிடியத்தின் பிரமாண்டம் இதில் இல்லை. ஆனால் பூக்கிறதே!

எதை வாங்கினாலும் வேரைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். பக்கமெல்லாம் துளையிட்ட மண்தொட்டி, அதில் அடுப்புக்கரி, செங்கல் துண்டு, கொஞ்சம் தேங்காய் மட்டை. பாசியை அழுத்தி நிரப்பினால் நம் புழுக்கத்தில் வேர் அழுகும். மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடும், விடியற்காலையில் ஊற்றுங்கள். உப்புப் படியும் போர் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கும்; மழைநீர் உத்தமம், இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். உரம் சொன்ன அளவில் கால் பங்கு போதும். இரவு முழுக்க ஒரு சின்ன விசிறி ஓடட்டும். குருத்தில் தேங்கிய நீர் காயாவிட்டால் அழுகல் நோய் ஒரே நாளில் செடியைத் தின்றுவிடும்.

மலைச் சாலையோரத்தில் மரப்பட்டையும் பாசியுமாகப் பிய்த்து விற்கும் ஆர்க்கிட்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சமவெளியில் அது சாகும். மலையிலும் ஒன்று குறையும். அகத்தியமலைப் பக்கம் மட்டுமே வளரும் பேஃபியோபெடிலம் ட்ரூரியை, சேகரிப்பவர்களின் ஆசையால் காட்டில் அரிதாகிப்போனது. நீல வாண்டாவைப் போல அதற்கும் இப்போது சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நம் மலைகளின் ஆர்க்கிட்டுகளைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏற்காட்டுக்குப் போங்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் அங்கே இருக்கிறது.