சப்பட்டை மாம்பழத்தில் ஒரு ஜில் பானம்



ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் அருவிக்குப் போகும் வழியில் மாந்தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த மலையடிவாரத்தில் விளையும் சப்பட்டை மாம்பழத்துக்கு என்றைக்கும் தனி மவுசுதான். ஓட்டல்களில் 'மாக்டெயில்' என்று பரிமாறுகிறார்களே, மது கலக்காத பழக்கலவை, அதை இந்தப் பழத்தை வைத்து வீட்டிலேயே செய்யலாம்.

நன்கு கனிந்த ஒரு பழத்தின் சதையை வழித்தெடுத்து மிக்சியில் அடியுங்கள். நார் இருந்தால் வடிகட்டிவிடுங்கள். அதோடு ஒரு டம்ளர் இளநீர், எலுமிச்சை ஒரு மூடி, இஞ்சிச் சாறு ஒரு ஸ்பூன், சிட்டிகை உப்பு. இஞ்சிச் சாற்றைப் பிழிந்தவுடன் ஊற்ற வேண்டாம். சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். தெளிந்ததை மட்டும் சேருங்கள். மணத்துக்குப் புதினாவும் சேர்க்கலாம்; ஆனால் அதை அரைத்தால் கசப்பு இறங்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டாலே மணம் வந்துவிடும்.

ஐஸ் கரையக் கரைய பானம் நீர்த்துப் போகும். அதனால் இளநீரையே ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளுங்கள். ஜில்லென்று இருக்கும்போது இனிப்பு நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும்; அதற்காகச் சர்க்கரையை அள்ளிக் கொட்ட வேண்டாம்.

இன்னொன்று. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழங்களை விற்பது சட்டப்படி குற்றம். தோல் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்து காம்புப் பக்கம் மணமே இல்லையென்றால், அந்தப் பழத்தை வாங்க யோசியுங்கள்.