இடி விழும் ஊரில் முதல் கம்ப்யூட்டர்

“பட்ஜெட் எத்தனை, பாஸ்?”

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் எந்தக் கம்ப்யூட்டர் கடை முன்னால் நின்றாலும் முதல் கேள்வி இதுதான். மூவாயிரம் வெள்ளி என்று சொன்னதும் விலைப்பட்டியல் மேசைக்கு வரும், பேனா நகரத் தொடங்கும். கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர், மதர்போர்ட், ரேம், எஸ்எஸ்டி. இந்த ஐந்தையும் பற்றி நம் பிள்ளைகள் வாரக்கணக்கில் வீடியோ பார்த்து, கடைக்காரருக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தயாராக வந்திருப்பார்கள். கடைசி வரி பவர் சப்ளை. பேனா அங்கே வந்து சேரும்போது காசு தீர்ந்திருக்கும். “கேசிங்கோட ஒண்ணு சும்மாவே வருது பாஸ், அது போதும்” என்பார் கடைக்காரர். பையனும் தலையாட்டுவான். கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பதில் தாராளம் காட்டிவிட்டுச் சமையல்காரரிடம் பேரம் பேசுகிற கதைதான் இது.

சொந்தமாகக் கம்ப்யூட்டர் சேர்க்கும் ஆசை கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிதல்ல. லோயாட்டுக்கு முந்தைய இம்பி பிளாசா காலத்து அண்ணன்மார்கள் இன்று தலை நரைத்துவிட்டார்கள். 1999இல் லோயாட் திறந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு 2003இல் மோனோரயிலும் வந்துவிட்டது; சென்ட்ரலில் ஏறினால் இம்பியில் இறங்கி நடக்கிற தூரம். கிள்ளான் பையன்கள் கொமூட்டர் ரயிலில் வந்து மாறிக்கொள்வார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்பு முழுக்கத் திரைக்குள் போனபோது, ஒரு மடிக்கணினியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகள் நமக்குத் தெரியும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றதும், பழைய பெட்டிகளைத் தூக்கிப்போடும் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது.

சரி, பாகங்கள். மதர்போர்டும் பிராசஸரும் ஒரே சாக்கெட்டாக இருக்க வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் உட்காரும். மலிவாகக் கிடைத்ததென்று டிடிஆர்4 வாங்கி வந்தால் இரண்டிலும் 288 பின்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருப்பதால் உள்ளே போகாது. ரேம் விலை 2025 கடைசியில் ஏறிய ஏற்றத்துக்கு உலகெங்கும் முளைக்கும் ஏஐ தரவு மையங்கள் ஒரு காரணம். கிராஃபிக்ஸ் கார்டைப் பழையதாக வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கட்டும்: 2022 செப்டம்பரில் இத்தீரியம் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் அதற்குப் பிறகு சந்தைக்கு வந்து குவிந்தன; துடைத்துப் பளபளவென்று விற்கப்பட்டவை அவற்றில் உண்டு.

இவற்றிலெல்லாம் ஏமாந்தாலும் பணத்தோடு போகிற விஷயங்கள். பவர் சப்ளை அப்படியல்ல. அது போகும்போது கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கிறது. உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர். பருவக்காற்று மாறும் இந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் ஆறு மணி வரை நிச்சயமில்லை. அப்பா அம்மா வேலையில் இருப்பார்கள், பையன் டியூஷனில் இருப்பான். கம்ப்யூட்டர் மட்டும் வீட்டில், பிளக் மாட்டியபடி தூங்கிக்கொண்டிருக்கும்.

மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பழைய தாமான்களில் கம்பத்துக்குக் கம்பம் வயர் இன்னும் தலைக்கு மேல்தான் ஓடுகிறது. நாலு தெரு தள்ளி விழுந்தால்கூட அந்த வயரில் அழுத்தம் பாய்ந்து வீட்டுக்குள் வரும். நல்ல பவர் சப்ளையின் வாசலிலேயே அந்த அடியைத் தாங்கும் சிறு பாகம் ஒன்று இருக்கும். அதைத் தாண்டி வந்தாலும், வெளியே போகும் 12 வோல்ட் எல்லை மீறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் காவல் சுற்று இருக்கும். சும்மா வருகிற பெட்டியில் பல நேரம் இவற்றுக்கான இடம் மட்டும் பலகையில் அச்சாகியிருக்கும், பாகம் இருக்காது. வெளியே ஸ்டிக்கரில் 500 வாட் என்று மட்டும் கொட்டை எழுத்து.

அந்த வாட் கணக்கும் ஒரு மயக்கம்தான். 65 வாட் வகுப்புப் பிராசஸரும் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்த பெட்டி, முழுமூச்சாக ஓடினாலும் 300 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். நேர்மையான 550 வாட் சப்ளை இதற்குத் தாராளம். 850 வாட்டை யாராவது தலையில் கட்ட வந்தால் கூடுதலாகும் நூறு வெள்ளியை எஸ்எஸ்டியில் போடுங்கள். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். புரோன்ஸ், கோல்ட் என்பதெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லும், இடிக்குத் தாங்குமா என்பதைச் சொல்லாது. பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. அதைத் தப்பாக 115இல் வைத்து நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் பட்டாசு வெடிக்கத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். உத்தரவாதம் ஐந்து வருஷமா, ஏழா, பத்தா என்று கேளுங்கள். தன் சரக்கில் தயாரிப்பாளருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரியும். உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தையும் படியுங்கள். மின்னலால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் அதிலே இருக்கும்.

இனிச் சொல்லப்போவது கடையில் கிடைக்காத பாகம்: எர்த். நம் நாட்டுத் தரைவீடுகளுக்குப் பொதுவாக மின்கம்பத்திலிருந்து எர்த் வருவதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு செம்புப் பூச்சுக் கம்பியை மண்ணில் அடித்து, அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டில் அந்தக் கம்பி என்ன நிலையில் இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கார் நிறுத்துமிடத்தை நீட்டும்போது சிமெண்டுக்கு அடியில் போனதும் உண்டு. வயர் அறுந்ததும் உண்டு. எர்த் இல்லாவிட்டால் எண்பது வெள்ளி கொடுத்து வாங்கிய சர்ஜ் புரொடெக்டர், மண்ணுக்குத் தள்ள வேண்டிய அழுத்தத்தை எங்கே தள்ளும்?

அதைவிடக் கொடுமை நம் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பேனாமூடி வித்தை. ஆன்லைனில் வந்த வயரில் இரண்டு ஊசி பிளக் இருக்கும். சாக்கெட்டின் மேல் துளையில் பேனாமூடியைக் குத்தி, மற்ற துளைகளின் உள்ளடைப்பைத் திறந்து, அதைச் சொருகிவிடுவோம். ஓடும். ஆனால் எர்த் துண்டிக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் வெறும் காலோடு கேசிங்கைத் தொட்டால் சுருக்கென்கிறது. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் உலோகப் பெட்டியை வீட்டு வோல்ட்டில் ஏறக்குறைய பாதிக்கு உயர்த்தி வைத்திருக்கும். பாய்வது மிகச் சிறு அளவுதான், உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அது ஒரு எச்சரிக்கை. “புது கம்ப்யூட்டர்னா அப்படித்தான்மா இருக்கும்” என்று பையன் சொன்னால் நம்பாதீர்கள்.

வெயிலையும் விட்டுவிட முடியாது. வெளிநாட்டு விமர்சகர் 21 டிகிரி அறையில் அளந்து சொல்லும் வெப்பத்தோடு, மதியம் 32 டிகிரி இருக்கும் நம் மாடி அறைக்காகப் பதினொரு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங் அழகுதான், காற்று எங்கே நுழையும்? வலைமுகப்புக் கேசிங் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடு என்றால் பூஜை இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த கரி மின்விசிறி இறகில் ஒட்டினால் ஊதிப் போகாது.

பதினைந்து வருஷமாக மலிவுச் சப்ளைதான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்போரும் உண்டு. அவர்களுக்கு வாழ்த்துகள். ஹெல்மெட் போடாமல் வீடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

எவ்வளவு நல்ல சப்ளை வாங்கினாலும் இடி தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் முழுப் பாதுகாப்பு. சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒரு தடையே இல்லை. ஃபைபர் இணைப்பில் மின்சாரம் பாயாது என்பது உண்மைதான். ஆனால் ரௌட்டரின் அடாப்டர் சுவரில்தான் மாட்டியிருக்கிறது, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் வயர் செம்பு. அதையும் கழற்றுங்கள்.

இந்த வாரம் லோயாட் போகும் தம்பிகளே, தங்கைகளே, பட்டியலில் பவர் சப்ளைக்கு இருநூறு, இருநூற்றைம்பது வெள்ளியை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றதை எழுதுங்கள். பெற்றோர்களே, அக்டோபர் மழை வருவதற்குள் உரிமம் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்து வீட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.