கூரை மாற்றப் போகிறீர்களா? பழைய சிமெண்ட் ஷீட்டை உடைக்காதீர்கள்!



அறுவடைப் பணம் கைக்கு வந்தாலும் சரி, வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானாலும் சரி, நம் மணவூர்ப் பக்கத்தில் முதலில் எழும் பேச்சு வீட்டுக் கூரையைப் பற்றித்தான். "பழைய ஷீட்டைத் தட்டி இறக்கிட்டு, தளம் போட்டுடலாம்" என்று முடிவாகிறது. கொத்தனார் வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் சுத்தியலோடு மேலே ஏறிவிடுகிறார். வீட்டுக்கார அம்மா கீழே நின்று உடைந்த துண்டுகளைக் கூடையில் வாரிக் கொட்டுகிறார். பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடுகின்றன.

வீட்டுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் இந்த வேலையில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது. அதை இருவரும் சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்நார் என்றால் என்ன?

நாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சிமெண்ட் ஷீட், கல்நார் ஓடு என்று சொல்லும் சாம்பல் நிற அலை ஓட்டில் பெரும்பகுதி சிமெண்ட். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார். கல்நார் என்பது பூமியில் கிடைக்கும் ஒரு கனிமம். பஞ்சு போல நார் நாராகப் பிரியும். நெருப்பில் எரியாது, மழையில் மக்காது. விலையும் குறைவு என்பதால் இந்த ஷீட் ஊர் ஊராகப் பரவியது. நமக்குப் பக்கத்திலுள்ள அரக்கோணத்திலேயே 1960-களில் இதற்கென ஓர் ஆலை தொடங்கப்பட்டது.

ஷீட் முழுசாக, அசையாமல் கூரையில் இருக்கும்வரை நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. ஆகவே, "ஐயோ, இத்தனை வருஷம் இதன் கீழே படுத்தோமே" என்று யாரும் பதற வேண்டாம். உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும், தேய்க்கும்போதும்தான் நார் தூசியாகக் கிளம்புகிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்தத் தூசி மூச்சோடு போய் நுரையீரலில் தைத்துக்கொள்கிறது. உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுவதும் வெளியேற்றவும் முடியாது.

என்ன நோய் வரும்?

நுரையீரல் தழும்பேறி இறுகிப்போய் மூச்சு வாங்கும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய் ஆகிய மூன்றும் முக்கியமானவை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பீடி, சிகரெட் பிடிப்பவர் கல்நார்த் தூசியையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடும்.

இந்த நோய்கள் உடனே வருவதில்லை. பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். இதனால்தான் நமது உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று தூசியில் விளையாடும் குழந்தைக்கு அந்த நாற்பது ஆண்டும் இன்னும் முன்னால் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

துணி துவைப்பவருக்கும் ஆபத்து

"நான்தானே மேலே ஏறினேன், அவளுக்கு என்ன?" என்று கணவர் கேட்கலாம். 1965-இல் லண்டனில் மருத்துவர்கள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். சவ்வுப் புற்றுநோய் வந்தவர்களில் சிலர் ஆலைப் பக்கமே போகாதவர்கள். கல்நார் வேலை செய்த கணவரின் உடையை வீட்டில் உதறித் துவைத்த மனைவியரும் அவர்களில் இருந்தார்கள். தூசி சட்டையில் ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆலையில் தினந்தோறும் படிந்த தூசி அது. ஒரு நாள் கூரை வேலையில் அவ்வளவு படியாது. இருந்தாலும் தவிர்க்கக்கூடிய தூசியை எதற்காக வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?

ஷீட்டில் கல்நார் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நுண்ணோக்கியில்தான் தெரியும். ஆகவே பழைய சாம்பல் நிற அலை ஷீட், சிமெண்ட் குழாய், சிமெண்ட் அட்டைத் தடுப்பு எதுவானாலும் கல்நார் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

முதல் கேள்வி: எடுக்கத்தான் வேண்டுமா?

ஷீட் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே மேல். பாசி படிந்தது என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மின்விசிறி மாட்டவோ வயர் இழுக்கவோ அதில் துளை போடாதீர்கள்.

எடுத்தே தீரவேண்டுமானால்

1. அனுபவமுள்ள ஆளையே வையுங்கள். ஷீட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. பழைய ஷீட் சட்டென்று முறிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். ஏணியிலோ சாரத்திலோ நின்று வேலை செய்யட்டும்.

2. மெயின் சுவிட்சை அணையுங்கள். காற்று அடிக்கும் நாளில் வேண்டாம். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்று உறவினர் வீட்டுக்குப் போகட்டும். குடிநீர்க் குடம், தானியம், பாய், துணி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

3. வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கலந்து, ஷீட் நன்றாக நனையும்படி மெதுவாகத் தெளியுங்கள். நனைந்த தூசி பறக்காது. பீய்ச்சி அடிக்காதீர்கள்.

4. போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகக் கை மாற்றி இறக்குங்கள். சுத்தியல், கடப்பாரை, கட்டிங் மிஷின் வேண்டாம். மேலிருந்து வீசாதீர்கள்.

5. துண்டும் சேலைத் தலைப்பும் இந்தத் தூசியைத் தடுக்காது. முகத்தோடு இறுக ஒட்டும் என்-95 முகமூடியாவது போடுங்கள். அதுவும் முழுக் காப்பு அல்ல. நனைப்பதும் உடைக்காமல் இருப்பதுமே முதல் காப்பு.

6. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு கட்டிவிடுங்கள்.

7. வேலை செய்தவர் வெளியிலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். உடை பழசானால் கழிவோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவரே அதை உதறாமல் தனி வாளியில் நனைத்து, தனியாக அலசட்டும். இதை மனைவி தலையில் கட்ட வேண்டாம்.

கழிவை என்ன செய்வது?

உடைந்த துண்டுகளை ஈரத்தோடு இரண்டு அடுக்கு தடித்த பாலித்தீனில் கட்டி, "கல்நார், உடைக்காதே" என்று எழுதி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று ஊராட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் கேளுங்கள். அதுவரை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மூடி வையுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ கொட்டுவது, பள்ளத்துக்கு நிரவுவது, நெருப்பில் போடுவது எல்லாமே தவறு. சூட்டில் ஷீட் வெடித்துச் சிதறும். கோழிக்கூட்டுக்கும் குளியல் மறைப்புக்கும் அதையே அறுத்துப் பயன்படுத்தினால் ஆபத்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகருகிறதே தவிர, தீரவில்லை.

புது ஷீட் வாங்கும்போது

ஆஸ்திரேலியா 2003 முடிவிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் கல்நாரைத் தடை செய்தன. நம் நாட்டில் கல்நார் ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆகவே கடையில், "இதில் கல்நார் இருக்கிறதா?" என்று கேட்டு வாங்குங்கள். தளம், சீமை ஓடு, தகர ஷீட், கல்நார் கலக்காத ஷீட் என்று வேறு வழிகள் உண்டு.

முன்பே உடைத்துவிட்டவர்களுக்கு

ஒரு முறை தூசி பட்டவர்க்கெல்லாம் நோய் வந்துவிடாது. எவ்வளவு அதிகம், எத்தனை காலம் என்பதைப் பொறுத்தே அபாயம் கூடும். பயப்படாதீர்கள், புகைப்பதை நிறுத்துங்கள், இனிமேல் உடைக்காதீர்கள். கட்டட வேலையிலோ ஷீட் வேலையிலோ பல வருடம் இருந்தவருக்கு நீண்ட நாள் இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். காசநோய்ப் பரிசோதனையோடு நிற்காமல், "நான் இன்ன வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

தம்பதிகளே! புதுக் கூரையின் கீழே நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நெடுங்காலம் நல்ல மூச்சோடு வாழ வேண்டும். அதற்கு,

நனைத்துக் கழற்றுவோம்! உடைக்காமல் இறக்குவோம்! தூசியை வாசலிலேயே நிறுத்துவோம்!