உறுப்பு மாற்றீட்டில் ஒழுங்குபடுத்தும் ரி-கலங்களின் பங்கு

மாற்றீடு செய்யப்பட்ட உறுப்பு நிலைபெற வேண்டுமாயின் பெறுநரின் நிர்ப்பீடனத் தொகுதியை மருந்துகளால் வாழ்நாள் முழுவதும் ஒடுக்கவேண்டும் என்பதே இன்றைய பொது நடைமுறை. தொற்றுநோய், புற்றுநோய் ஆகியவற்றின் அபாயம் இதனால் மிகுகின்றது. ஆயின் ஒடுக்குதல் வேறு, சகித்தல் வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஒழுங்குபடுத்தும் ரி-கலங்களை நாம் அறிதல் அவசியமாகும்.

சகிப்பை உண்டாக்கலாம் என்பது 1953இல் புலனாயிற்று. மெடவார், பில்லிங்ஹாம், பிரென்ற் ஆகியோர் கருநிலையிலிருந்த சுண்டெலிகளுக்கு வேறொரு கால்வழியின் கலங்களைச் செலுத்தினர். வளர்ந்தபின் அவை அக்கால்வழியின் தோலொட்டை ஏற்றுக்கொண்டன.

வளர்ந்த உடலிலும் சகிப்பைப் பேணும் தனிக் கலங்கள் உள்ளமையை 1995இல் சக்காகுச்சி காட்டினார். குறித்தவொரு வகை ரி-கலங்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைச் செலுத்தியபோது, சுண்டெலிகளின் உடல் தன்னையே தாக்கியது. நீக்கியவற்றையும் சேர்த்துச் செலுத்தியபோது நோய் தோன்றவில்லை. இக்கலங்களின் விருத்தியை ஆளும் பொக்ஸ்-பீ-3 என்னும் பரம்பரையலகைப் பிறங்கோ, றாம்ஸ்டெல் ஆகியோர் 2001இல் இனங்கண்டனர். மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கலங்கள் தாக்கும் கலங்களுக்குத் தேவையான இன்ரலூக்கின்-2 என்னும் பதார்த்தத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. தாக்குதலைத் தூண்டும் சைகைகளையும் தணிக்கின்றன. ஆனால் அப்பதார்த்தத்தை அவை தாமே ஆக்குவதில்லை. பிற கலங்களையே நம்பியுள்ளன. இங்கேதான் முரண்பாடு எழுகின்றது. பரவலாக வழங்கப்படும் ரக்ரோலிமஸ் மருந்து இன்ரலூக்கின்-2 உற்பத்தியையே தடுக்கின்றது. எதிரியை அடக்கும் மருந்து காவலரையும் பட்டினி போடுகின்றது.

எனவே கலங்களையே மருந்தாக்க முனைந்தனர். ஜப்பானின் ஹொக்கைடோவில் ஈரல் மாற்றீடு பெற்ற பத்துப் பேருக்கு, அவரவர் கலங்களிலிருந்து ஒழுங்குபடுத்தும் கலங்கள் செறியுமாறு ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலவை செலுத்தப்பட்டது. எழுவர் ஒடுக்கி மருந்துகளை முற்றாகக் கைவிட முடிந்ததென 2016இல் அறிக்கையிடப்பட்டது. எனினும் தொகை சிறிது. ஈரலோ ஏனைய உறுப்புகளிலும் எளிதிற் சகிக்கப்படுவது. ஆதலால் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது.

மருந்து வாங்க இயலாதவருக்கு அதனை நிறுத்துதல் பெற்ற உறுப்பையே இழத்தலாகும். சகிப்பை நாடும் ஆய்வு அத்தகையோருக்கே பெரிதும் வேண்டியது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கலம் வளர்க்கும் முறை பெருஞ்செலவுடையது. இச்செலவைக் குறைத்தலும் விஞ்ஞானத்தின் பணியே என நாம் கருதுகின்றோம்.