கூடிச் செய்யும் பணியும் கண்ணுக்குத் தெரியும் பலகையும்

இவ்வாண்டு விழாவுக்கான முதற் கூட்டம் கணனித் திரையிலேயே நடைபெற்றது. பனிக்காலம், இரவு வேலைக்குச் செல்லும் பெற்றோரும் பலர், வேறு வழியில்லை. பதினான்கு முகங்கள் தெரிந்தன. இரண்டு மணி நேரம் பேசினோம். முடிவில் யார் எதனைச் செய்வது என்பது ஒருவருக்கும் தெளிவாகவில்லை. சென்ற ஆண்டும் இவ்வாறுதான் தொடங்கினோம். நாடக உடைகளை இருவர் தனித்தனியே வாங்கி வந்தனர். ஒலிவாங்கிக்கு ஒழுங்கு செய்வார் எவருமில்லை.

நான் ஊரில் ஆசிரியராக இருந்தபோது அதிபரின் அறைச்சுவரில் பெரிய நேரசூசிப் பலகை ஒன்று இருந்தது. ஓர் ஆசிரியர் விடுமுறையில் நின்றால் அவருடைய கட்டங்கள் அன்று வெறுமையாகத் தெரியும். ஓய்வுப் பாடவேளை உள்ளவர் அதனைக் கண்டு தாமாகவே அவ்வகுப்பிற்குச் செல்வார். (கண்டும் காணாதவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.) பின்னர் இடம்பெயர்ந்து மரநிழலில் வகுப்பு நடத்திய காலத்திலும் அந்த நேரசூசியைக் கடதாசியில் எழுதி மரத்திற் கட்டி வைத்தோம்.

இதனை ஒத்த எளிய எண்ணமொன்றைத் தொழிற்சாலையிற் பயன்படுத்தியவர், ஜப்பானின் ரொயோட்டா நிறுவனப் பொறியியலாளர் தைச்சி ஓனோ ஆவார். அமெரிக்கப் பேரங்காடிகளில் விற்றுப்போன பொருளை மட்டும் மீள நிரப்பும் வழக்கம் அவர் கருத்தைக் கவர்ந்தது. 1953இல் இம்முறையைத் தம் இயந்திரப் பிரிவில் நடைமுறைப்படுத்தினார். உதிரிப்பாகங்கள் பயன்பட்டதும் அவற்றோடிருந்த அட்டை முன்னைய பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தாலன்றி அப்பிரிவு புதிதாக எதனையும் செய்யலாகாது. ஆகவே வேலை எங்கே தேங்குகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் புலப்பட்டது. இதற்குக் ‘கன்பன்’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்பது பொருள். பிற்காலத்தில் மென்பொருள் எழுதுவோர் இதனைத் தம் சுவர்ப்பலகைக்கும், அங்கிருந்து கணனித் திரைக்கும் கொண்டு வந்தனர்.

நாமும் இரண்டாவது கூட்டத்தில் திரையில் அத்தகைய பலகை ஒன்றை வைத்தோம். செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என மூன்று நிரல்கள். ஓர் அட்டையில் ஒரு வேலை, ஒரு பெயர், ஒரு திகதி. நடு நிரலில் ஒருவருக்கு இரண்டு அட்டைகளுக்கு மேல் இருத்தலாகாது. மூன்றாவதை எடுக்க விரும்புபவர் முதலில் ஒன்றை முடிக்க வேண்டும், அல்லது உதவி கேட்க வேண்டும். பலரும் தேவையில்லை என்று விட்டுவிடும் விதி இதுதான். என் அனுபவத்தில் இதுவே உயிர்நாடி.

சென்ற ஆண்டு எதனை யார் செய்தார் என்று பெயர்களை இட்டபோது திரையில் அமைதி நிலவியது. கூட்டங்களில் ஒருபோதும் வாய் திறவாத ஓர் அம்மையாரின் பெயரில் ஒன்பது அட்டைகள் இருந்தன. சிற்றுண்டி, மாலை, குத்துவிளக்கு, சிறுவர்களின் ஒப்பனை எனப் பல. ஆண்டுதோறும் அவரே செய்து வந்திருக்கின்றார். நாம் மேடையில் பொதுவாக நன்றி கூறி முடித்திருக்கின்றோம். நான் வெட்கமுற்றேன். பத்து நிமிடத்திற்குள் ஏழு அட்டைகளை மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டனர்.

திரைக்கூட்டம் ஏன் இவ்வளவு களைப்பைத் தருகின்றது என்பதை ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லின்சன் 2021இல் விளக்கியுள்ளார். பல கண்கள் மிக அருகில் நம்மை ஓயாது நோக்குவதும், நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பதும், அசையாது அமர்ந்திருப்பதும், பிறர் குறிப்பை உணர மூளை கூடுதலாக உழைப்பதும் காரணங்களாம். எனவே இப்போது முகங்களைச் சிறிதாக்கிப் பலகையைப் பெரிதாக்குகின்றோம். முதல் ஐந்து நிமிடம் எவரும் பேசுவதில்லை. எல்லோரும் அட்டை எழுதுகின்றோம். பேச்சு அதன் பின்னரே.

மாணவச் செல்வங்களே, உங்களையும் இக்கூட்டத்திற்கு அழைத்தோம். தமிழில் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுத்துப் பிழைகளோடு ஓர் அட்டை எழுதினான்: “சின்னப் பிள்ளைகள் மேடை ஏறும்வரை எங்கே இருப்பது?” பெரியவர்கள் பதினான்கு பேரும் அதனைச் சிந்தித்திருக்கவில்லை. மண்டபத்தின் பக்க அறை அன்றே ஒழுங்கு செய்யப்பட்டது. அவ்வட்டையில் அவன் தன் பெயரையே இட்டுக்கொண்டான்.

இம்மலர் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில் பெரும்பாலான அட்டைகள் மூன்றாம் நிரலை அடைந்துவிட்டன. ‘விழா முடிந்தபின் மண்டபம் கூட்டுதல்’ என்னும் அட்டை மட்டும் முதல் நிரலிலேயே நிற்கின்றது. அதில் இன்னும் பெயரில்லை.