குறி பார்க்கும் துப்பாக்கி வேறு... பன்றி விரட்டும் துப்பாக்கி வேறு!

தொண்டாமுத்தூர், காரமடை, ஆனைமலை என்று மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில், பிள்ளைகள் என்.சி.சி-யில் சேர்ந்திருக்கும் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு எழுவது உண்டு. ‘‘காலேஜ்ல பொண்ணு துப்பாக்கி சுட்டு பரிசு வாங்கியிருக்குதுங்க. லேசா ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுத்தா இன்னும் மேல வருமுங்க. அப்படியே ராத்திரி மக்காச்சோளத்துக்குள்ள வர்ற பன்னிக்கும் ஆகுமுங்களே?’’

இதில் முதல் பாதி நல்ல ஆசை. இரண்டாம் பாதிதான் குடும்பத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வைக்கும். துப்பாக்கி வாங்கும் யோசனை வந்தால், முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சட்டமே பிரித்து வைத்திருக்கிறது

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-வது பிரிவில் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால், குழாயின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு என்றால், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்லி லைசென்ஸ் வாங்குகிறோமோ, அந்தக் காரணத்துக்கு மட்டும்தான் அது செல்லும்.

பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் கையில் இருந்தாலும், அது காட்டுப்பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. காட்டுப்பன்றியும் மயிலும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேதம் செய்யும் பன்றிகளைக்கூட பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் சுட முடியும். விவசாயி செய்ய வேண்டியது, சேதத்தைப் படம் எடுத்து வனச்சரகர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பதுதான்.

கதவுத் தாழ்ப்பாள் மாதிரி

என்.சி.சி பிள்ளைகள் சுட்டுப் பழகுவது ‘பாயின்ட் டூ டூ’ என்கிற .22 ரைபிளில். இதன் குழாய் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர். இதில் ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்பது நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் போலத்தான். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால், புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கையால்தான் இதைச் செய்ய வேண்டும். இதனால் புதிதாகப் பழகுபவர் அவசரப்பட முடியாது. போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டால், துப்பாக்கி சுடும் நிலையில் இல்லை என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். அசையும் பாகங்கள் குறைவு என்பதால் குறியும் சீராக விழும்.

லேசாக இருந்தால் நல்லதா?

என்.சி.சி-யில் உள்ள .22 டீலக்ஸ் ரைபிள் மூன்று கிலோவுக்குள்தான் இருக்கும். பழகும் பிள்ளைக்கு இந்த எடை போதும். தோளும் இடுப்பும் வலிக்காமல் ஒரு மணி நேரம் பயிற்சி செய்யலாம். ஆனால், லேசான துப்பாக்கி மூச்சு விட்டாலே ஆடும். கனமானது அசையாமல் நிற்கும். அதனால்தான் பெரிய போட்டிகளில் சுடுபவர்கள் கனத்த ரைபிளையே எடுக்கிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கே 5.5 கிலோ வரை விதி இடம் கொடுக்கிறது. உடம்பு உரம் ஏற ஏற எடையைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் நாளே ஐந்து கிலோவைத் தூக்கச் சொன்னால், முதுகை வளைத்துத் தப்பாக நிற்கும் பழக்கம்தான் வரும்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

கட்டையின் நீளம்: துப்பாக்கிக் கட்டையின் பின்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்து, முன்னங்கையை விசைப் பக்கம் நீட்ட வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட்டால் அளவு ஏறக்குறைய சரி. எட்டாமல் போனால் கட்டை நீளம். வளரும் பிள்ளைக்கு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள கட்டை நல்லது.

எந்தக் கண்: இரண்டு கைகளையும் சேர்த்துச் சின்னதாக ஓட்டை வைத்து, அதன் வழியே தூரத்துத் தென்னை உச்சியை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூட வேண்டும். எந்தக் கண்ணால் பார்க்கும்போது உச்சி மறையாமல் இருக்கிறதோ, அதுவே குறி பார்க்கும் கண். வலது கைப் பிள்ளைக்கு இடது கண் ஓங்கியிருந்தால், வாங்கும் முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும். போல்ட் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதே இதனால் மாறலாம்.

விசை: இழுக்கும்போது சொரசொரப்பு இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் விடுபட வேண்டும்.

குழாய்: பழைய துப்பாக்கி என்றால், போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் குழாயின் உள்ளே பார்க்க வேண்டும். துரு, குழி இருந்தால் விலை குறைவு என்று மயங்கக் கூடாது.

தோட்டா: ஒரு ரைபிளுக்கு ஒத்துவரும் தோட்டா இன்னொன்றுக்கு ஒத்துவராது. நான்கைந்து வகைத் தோட்டாக்களை ஒரே அட்டையில் தனித்தனியாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கிளப், கடைசியில் கடை

துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டுப் பயிற்சி தேடுவது, உழவு ஓட்டாமல் நாற்று வாங்கி வந்த கதைதான். கோயம்புத்தூரில் ரைபிள் கிளப் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். உறுப்பினராகி, கிளப் துப்பாக்கியில் ஆறு மாதமாவது சுட்டுப் பார்த்தால், பிள்ளைக்கு உண்மையிலேயே இதில் நாட்டம் இருக்கிறதா, எந்த அளவு துப்பாக்கி பொருந்தும் என்று தெரிந்துவிடும். அதற்குள் ஆசை அடங்கிவிட்டால், மாட்டை விற்றுப் போட இருந்த பணம் மிச்சம்.

ஏர் ரைபிளில் தொடங்குவது இன்னும் சிக்கனம். இதில் 10 மீட்டர் தூரத்தில் உள்ள அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். இதில் கை பழகினால் .22 தானே வசப்படும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். .22 ரைபிளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, கோலாப்பூர் மாவட்டம் கம்பல்வாடி கிராமத்துக்காரரான சுவப்னில் குசாலே சாட்சி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட்டு வெண்கலம் வாங்கினார்.

தோட்டத்தில் வேண்டாம்

.22 தோட்டாவின் தலை இரண்டரை கிராம் சொச்சம்தான். ஆனால், அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். பாறையிலோ தண்ணீரிலோ பட்டால் திசை மாறித் தெறிக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் களை எடுப்பவர், ஆடு மேய்ப்பவர் இருப்பது தென்னை மறைவில் தெரியாது. எனவே, பயிற்சி என்றால் மண்மேடு கட்டிய, அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும்தான். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும், தோட்டா வேறு பூட்டிலும் இருக்க வேண்டும். சாவி பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

மகளுக்கு 19 வயது. அவள் பெயரில் லைசென்ஸ் கிடைக்குமா?

சொந்த லைசென்ஸுக்கு 21 வயது நிறைய வேண்டும். அதற்கு முன், 12 வயதிலிருந்தே உரிய மேற்பார்வையில் பயிற்சி பெறலாம். கிளப்பில் சேர்ந்து தொடங்குங்கள்.

விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது?

கோவை மாநகரப் போலீஸ் எல்லைக்குள் இருந்தால் கமிஷனர் அலுவலகம். கிராமப்புறம் என்றால் கலெக்டர் அலுவலகம். போலீஸ் விசாரணை நடக்கும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். முடியும் தேதியை ஆடி 18 மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

.177 அளவுக்குள், 20 ஜூல் சக்திக்குள் இருந்தால் வேண்டியதில்லை. அடையாளச் சான்று கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். லைசென்ஸ் இல்லை என்பதற்காக மயிலையோ முயலையோ குறி வைத்தால், அதுவும் வன உயிரினக் குற்றம்தான்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி அட்டத்தில் கிடக்கிறது. பேத்தி பழகட்டுமா?

தொட வேண்டாம். லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஆகியிருந்தால், வக்கீலைக் கலந்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, வாரிசு முறையில் மாற்ற மனுக் கொடுங்கள்.