ஒற்றைச் செவியில் பிறந்த நாதம்

காலியான தண்ணீர்க் குடுவை ஒன்றின் அடியில் தட்டும் ஓசையோடு ஆரம்பிக்கிறது, 'கேரலைன், நோ' என்ற பாட்டு. தட்டியவர், அக்காலத்து ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிதும் நாடப்பட்ட டிரம் வித்வான் ஹால் பிளெய்ன். அந்த எளிய ஓசை, எதிரொலியுடன் சேர்ந்து வரும்போது, ஆளரவமற்ற கூடத்தில் யாரோ போவதா நிற்பதா என்று தயங்குவது போலக் கேட்கிறது. பாட்டு ஓய்ந்தபின் ரயிலொன்று தடதடத்துக் கடந்து போகிறது. இரண்டு நாய்கள் குரைக்கின்றன. அத்துடன் இசைத்தட்டும் முடிந்துவிடுகிறது. அந்த நாய்கள் அதை இயற்றியவரின் வீட்டு நாய்கள்.

1966 மே 16-ஆம் தேதி வெளியான 'பெட் சவுண்ட்ஸ்' என்ற அந்த இசைத்தட்டைப் பற்றியே சொல்ல வந்தேன். ராக் சங்கீத ரசிகர்கள் இருவர் கூடினால் ஒருவர் பீட்டில்ஸுக்காகவும் மற்றவர் பாப் டிலனுக்காகவும் வாதாடுவது நெடுநாள் வழக்கம். டிலனின் சொல்வன்மைக்கும் பீட்டில்ஸின் கற்பனைக்கும் நான் தலைவணங்குகிறவன்தான். ஆயினும் மனித மனத்தின் நிச்சயமற்ற தன்மையை, சொல்லின் துணையை அதிகம் நாடாமல், ஸ்வரங்களின் அமைப்பினாலேயே உணர்த்திக் காட்டியவர் இதை இயற்றிய பிரையன் வில்ஸன் ஒருவரே என்பது என் திடமான அபிப்பிராயம்.

1942-இல் கலிபோர்னியாவில் பிறந்த வில்ஸன், டென்னிஸ், கார்ல் என்ற இரு தம்பிகளையும், மைக் லவ் என்ற உறவினரையும், ஆல் ஜார்டீன் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு நடத்திய 'பீச் பாய்ஸ்' கோஷ்டி, கடலலைச் சறுக்கையும் மோட்டார் வண்டிகளையும் பற்றிய உல்லாசப் பாட்டுகளால் கீர்த்தி பெற்றிருந்தது. 1964 டிசம்பரில், ஹூஸ்டன் நகருக்கு விமானத்தில் போகையில் மனம் கலங்கி நிலைகுலைந்த அவர், ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை விட்டுவிட்டுப் பாட்டு இயற்றுவதிலும் ஒலிப்பதிவிலுமே காலத்தைக் கழிக்கத் தொடங்கினார். ஓராண்டு கழித்து பீட்டில்ஸின் 'ரப்பர் ஸோல்' வெளிவந்தது. தொடக்கமுதல் இறுதிவரை சோடையில்லாமல், ஒரே உணர்வில் கோத்தெடுத்தது போல் ஓர் இசைத்தட்டு அமைய முடியும் என்பதை அதைக் கேட்டு அறிந்த அவர், அதற்கு நிகரானதைத் தாமும் படைத்தே தீருவது என்று முனைந்தார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பால்யத்திலிருந்தே அவருடைய வலது செவி ஏறக்குறையக் கேட்காமலே இருந்தது. இரு செவிகளுக்கும் தனித்தனியே ஒலியைப் பகிர்ந்து தரும் ஸ்டீரியோ முறை அவருக்குப் பயன்படாததாகையால், கிதார், ஹார்ப்ஸிகார்ட், அக்கார்டியன், பிரெஞ்சு ஹார்ன், வயலின்கள், சைக்கிள் மணி ஆகிய அனைத்தையும் மோனோ என்ற ஒரே ஒலிப்பாதையில் இசைவிக்க வேண்டியிருந்தது. இரண்டு மூன்று வாத்தியங்கள் ஒன்றையொன்று தழுவி, எது எதுவென்று பிரித்தறிய முடியாத புதியதொரு நாதமாக மாறிவிடும் அதிசயம் இந்த இசைத்தட்டில் அடிக்கடி நிகழ்கிறது.

இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டு 'காட் ஒன்லி நோஸ்'. பாடியவர் கார்ல், வயது 19. சாதாரணமாக இவ்வகைப் பாட்டுகளில் பேஸ் கிதார், ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக்கூட்டின் மூல ஸ்வரத்திலேயே நிற்கும். கேட்பவருக்கு உறுதியான தரைமேல் காலூன்றி நிற்கும் உணர்வு உண்டாகும். வில்ஸனோ அதைக் கூட்டிலுள்ள வேறொரு ஸ்வரத்தில் நிறுத்துகிறார். ஆதார ஸ்ருதி இதுதான் என்று நாம் தீர்மானிக்கும் முன்பே பாட்டு அடுத்த அடி எடுத்துவைத்துவிடுகிறது. அன்பைச் சொல்லும்போதே பிரிவை அஞ்சும் உள்ளத்தின் தவிப்பு அந்த ஊசலாட்டத்தில் முழுமையாக வந்துவிடுகிறது. முடிவில் ஒரு குரல் தொடங்கிய சொற்றொடர் முடியுமுன்னரே மற்றொரு குரல் அதை ஏந்திக்கொள்ள, ஒன்றையொன்று தொடர்ந்தபடியே மெல்லத் தேய்ந்து போகும் அந்தக் கட்டத்தை எத்தனை முறை கேட்டாலும் என் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

பெரும்பாலான பாட்டுகளுக்கு வரிகளை எழுத உதவியவர் விளம்பர வாசகம் எழுதிவந்த டோனி ஆஷர். அந்த வரிகள் கவித்துவத்தில் சிறந்தவையல்ல; ஆனால் இளைஞன் ஒருவன் மனத்தோடு பேசிக்கொள்வது போன்ற எளிமை அவற்றுக்கு உண்டு, இந்தச் சங்கீதத்துக்கு வேண்டியதும் அதுவே. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பஹாமாஸ் தீவுகளின் நாட்டுப்பாடலிலிருந்து எடுத்தாண்ட 'ஸ்லூப் ஜான் பி' மிக நேர்த்தியாகப் பாடப்பட்டிருந்தும், மற்றவற்றின் அந்தரங்கத்தோடு ஒட்டாமல், விருந்துக்கு வந்த அயலாரைப் போல முதற்பக்கத்தின் கடைசியில் தனித்து நிற்கிறது.

அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் 10-ஆம் இடத்துக்கு மேல் இந்த இசைத்தட்டு ஏறவில்லை. இரண்டு மாதம் நிறைவதற்குள்ளாகவே இசைத்தட்டு நிறுவனம் கோஷ்டியின் பழைய வெற்றிப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டுவிட்டது. இங்கிலாந்திலோ 'பெட் சவுண்ட்ஸ்' 2-ஆம் இடம் வரை ஏறியது. 1967-இல் வந்த 'ஸார்ஜென்ட் பெப்பர்' உருவாக இது பெரும் தூண்டுகோலாயிற்று என்பதை பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி மனமுவந்து பலமுறை கூறியிருக்கிறார்.

1997-இல் இதன் ஸ்டீரியோ வடிவமும் வெளிவந்தது. வாத்தியங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும் அந்த வடிவத்தைப் பாராட்டுவோர் பலர். ஆயினும், 2025 ஜூன் 11-ஆம் தேதி தம் 82-ஆம் வயதில் காலமான வில்ஸன், ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து தம் ஒற்றைச் செவியால் கேட்டது மோனோ வடிவத்தையே. முதன்முறையாகக் கேட்க விரும்புவோர் அதையே தேடியெடுத்து, இரவு வேளையில், இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கிக் கேட்பார்களாக.